பைலட் சூட்: 28 அங்குலம் என்று எழுதியிருந்தால் போதுமா?

ஸ்கைடைவிங் ரிக் ஒன்றை, அதாவது விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பை, யாராவது பழையதாக விற்கிறார்கள் என்றால் விளம்பரத்தைப் பாருங்கள். மெயின் பாராசூட் எத்தனை சதுர அடி, எத்தனை குதிப்பு கண்டது, அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட் எந்த ஆண்டு தைத்தது, ஆபத்தில் தானாகத் திறக்கும் கருவி எப்போது காலாவதியாகிறது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். மெயினை வெளியே இழுத்துத் தரும் சின்ன பாராசூட்டான பைலட் சூட்டுக்கு மட்டும் "உடன் தரப்படும்" என்று இரண்டே சொல். வாங்குகிறவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்டாலும் அங்குலக் கணக்கைத்தான் கேட்பார். "28" என்று பதில் வரும். சரி, நம் மெயினுக்குப் போதும் என்று தலையாட்டிவிடுவார்.

முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லாத அந்தத் துணி வட்டம் தன் வேலையைச் செய்யவில்லை என்றால் பல லட்ச ரூபாய் மெயின் மடித்தபடியே முதுகில் கிடக்கும். மெயினுக்கு வேண்டியது அங்குலம் இல்லை, இழுவை. எத்தனை கிலோ இழுவை கிடைக்கிறது என்பதை அங்குலத்தோடு சேர்ந்து குதிப்பவரின் வேகம், துணியின் வயது, உள்ளே ஓடும் ஒரு மெல்லிய கயிற்றின் நீளம் எல்லாம் தீர்மானிக்கின்றன. அதனால் அளவைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்போது இந்த நான்கையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். குதிப்பவர் வயிறு பூமியைப் பார்க்க, விநாடிக்கு சுமார் 54 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல், விழுந்துகொண்டிருக்கிறார். வலது கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகில் மாட்டிய கன்டெய்னர் என்ற பொதியின் அடிப்பக்கத்தில் உள்ள பௌச் என்ற சின்னப் பையிலிருந்து கைப்பிடியை உருவி, பக்கவாட்டில் காற்றுக்குள் வீசுகிறார். சுருண்டு கிடந்த பைலட் சூட் விரிந்து காற்றைப் பிடிக்கிறது. அதோடு தைத்த பிரைடில் என்ற நீளமான நாடா இறுகுகிறது. நாடாவின் நடுவே ஒரு வளைந்த உலோகப் பின் இருக்கும். கன்டெய்னரின் மடல்களைப் பூட்டி வைத்திருக்கும் குளோசிங் லூப்பிலிருந்து அந்தப் பின் உருவப்படுகிறது. மடல்கள் திறக்கின்றன. அடுத்து, மெயினை மடித்து வைத்திருக்கும் பையை பைலட் சூட் மேலே தூக்குகிறது. பையின் முதுகில் ரப்பர் பேண்டுகளில் செருகிய லைன்கள், அதாவது மெயினைக் குதிப்பவரோடு இணைக்கும் கயிறுகள், ஒவ்வொரு மடிப்பாக உருவிக்கொண்டு வருகின்றன. லைன்கள் முழு நீளத்துக்கு இழுபட்ட பிறகுதான் பையின் வாய் திறந்து துணி வெளியே வர வேண்டும். வீசியதிலிருந்து இதுவரை ஒன்றரை விநாடிகூட ஆகாது. அதன்பின் மெயின் விரிந்து முடிக்க மூன்று நான்கு விநாடி.

ஆக பைலட் சூட்டுக்கு மூன்று வேலைகள்: பின்னை உருவுவது, பையைத் தூக்குவது, லைன்கள் நீளும்வரை பையை இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது. மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு அப்படியொன்றும் பழையதில்லை. முன்பெல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே சுருள்வில் வைத்த பைலட் சூட் ஒன்றை அழுத்தி மூடிவிடுவார்கள். கைப்பிடியை இழுத்தால் பின் கழன்று வில் துள்ளி வெளியே வரும். எங்கே வரும் என்பதுதான் தொல்லை. விழுகிற உடலுக்கு மேலே, முதுகுப் பக்கத்தில், காற்று ஒழுங்காக ஓடுவதில்லை. வேகமாகப் போகும் லாரிக்குப் பின்னால் காகிதத் துண்டு அங்கேயே சுற்றிச் சுற்றி ஆடுமே, அதே நிலைதான். இதைக் குதிப்பவர்கள் 'பர்பிள்' என்கிறார்கள். வில் பைலட் சூட் சில சமயம் அந்தச் சுழலுக்குள் முதுகின் மேலேயே நடனமாடிக்கொண்டிருக்கும். தோளைச் சாய்த்துக் காற்றை உள்ளே விட்டால்தான் விலகிப் போகும்.

1970களின் நடுவில் அமெரிக்காவின் பில் பூத், பைலட் சூட்டைக் கையாலேயே காற்றோட்டத்துக்குள் வீசும் முறையைக் கொண்டுவந்தார். மெயினைக் கழற்றிவிடப் பயன்படும் மூன்று வளையப் பூட்டும் அவருடையதுதான். இன்று உலகம் முழுக்க விளையாட்டுக்காகக் குதிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் முதுகில் சுமக்கிறார்கள். வீசும் பைலட் சூட்டின் பௌச் முதலில் இடுப்புப் பட்டையிலும் கால் பட்டையிலும் இருந்து, பிறகு கன்டெய்னரின் அடிக்கு நகர்ந்தது. கையால் வீசியபோது வில் தேவையில்லாமல் போனது. துணி இலேசானது, வட்டமும் சிறுக்க முடிந்தது. அளவு என்ற கேள்வி தனி மனிதர் கைக்கு வந்தது அதன் பிறகுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பைலட் சூட்டின் இழுவை அதன் பரப்போடு நேராக உயரும். பரப்போ விட்டத்தின் வர்க்கம். 24 அங்குல வட்டம் 0.29 சதுர மீட்டர். 28 அங்குலம் 0.40. 32 அங்குலம் 0.52. 36 அங்குலம் 0.66. அதாவது 24-லிருந்து 36-க்குப் போனால் அளவு ஒன்றரை மடங்குதான், இழுவை இரண்டே கால் மடங்கு. இரண்டு அங்குலம்தானே என்று 28-க்குப் பதில் 30 மாட்டினால் 15 சதவீதம் கூடிவிடும்.

இழுவைக் கெழுவை 0.6 என்று வைத்து, குதிப்பவர் வயிறு கீழாக முழு வேகத்தில் விழும்போது கணக்குப் போட்டால் 24 அங்குலம் 29 கிலோ அளவுக்கு இழுக்கும். 28 அங்குலம் 39 கிலோ, 32 அங்குலம் 51, 36 அங்குலம் 65. துணியையும் தையலையும் பொறுத்து இந்த எண்கள் மேலே கீழே போகும். ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டத்தைவிடப் பெரிய சூத்திரதாரி வேகம். அதுவும் வர்க்கமாகத்தான் உள்ளே வருகிறது. நின்றுகொண்டோ தலைகீழாகவோ விழும் ஃப்ரீஃப்ளை ஆட்கள் எளிதாக விநாடிக்கு 70 மீட்டரைத் தொடுவார்கள். வேகத்தைக் குறைக்காமல் அப்படியே வீசிவிட்டால் அவர்களுடைய 28 அங்குல பைலட் சூட் 65 கிலோ இழுக்கும். சட்டைப்பையில் 28-ஐ வைத்துக்கொண்டு காற்றில் 36-ஐ வீசியது போல ஆகிவிடும். வீசும் முன் வயிறு கீழாகத் திரும்பிச் சில விநாடி காத்திரு என்று பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கத்துவதற்கு இது ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத்தில் பேஸ் குதிப்பவர்கள் இருக்கிறார்கள். பாலம், பாறை, கோபுரத்திலிருந்து குதிப்பவர்கள். ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் ஊரில் ஸ்னேக் ஆற்றின் மேல் உள்ள பெரின் பாலம் அவர்களுக்கு ஒரு புனிதத் தலம் மாதிரி. உயரம் 148 மீட்டர். அங்கே குதித்து ஒரு விநாடியில் வீசுகிறவரின் வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில் 28 அங்குல பைலட் சூட் இழுப்பது ஒன்றேகால் கிலோ, அவ்வளவுதான். மெயினின் எடையே அதைவிட அதிகம். 48 அங்குலம் வைத்தால்தான் நான்கு கிலோவை நெருங்கும். இரண்டு விநாடி கழித்து வீசுகிறவருக்கு வேகம் இரட்டிப்பு, எனவே இழுவை நான்கு மடங்கு. அவர் 42 அங்குலத்தோடு போகலாம். அதே விளையாட்டில், பெரிய மலையிலிருந்து குதித்து முழு வேகம் எட்டிய பிறகு திறப்பவர் 32 முதல் 36-க்குள் வைத்துக்கொள்கிறார். பேஸ் ஆட்கள் ஒவ்வொரு குதிப்புக்கும் பைலட் சூட்டை மாற்றுவது ஆடம்பரத்துக்காக இல்லை என்பது இப்போது புரியும்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். உயரமான ஊரில் காற்று மெலிந்திருக்குமே, அங்கே பெரிய பைலட் சூட் வேண்டாமா? விமானத்திலிருந்து குதித்து முழு வேகத்தில் விழுகிறவருக்கு வேண்டாம். காற்று மெலிந்தால் அவர் அதற்கேற்ப வேகமாக விழுவார். உடலின் மேல் காற்று தள்ளும் விசை எடைக்குச் சமமாகும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும், பிறகு நிற்கும். எனவே பைலட் சூட்டுக்குக் கிடைக்கும் தள்ளலும் ஏறக்குறைய மாறாது. மாறுவது குதிப்பவரின் எடையால். ஒரே உடல்வாகில் எடை கூடியவர் வேகமாக விழுவார், அவருடைய பைலட் சூட்டும் அதிகமாக இழுக்கும். குறைந்த உயரத்தில் குதிக்கும் பேஸ் ஆட்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. முழு வேகத்தை எட்டும் முன்பே அவர்கள் வீசிவிடுகிறார்கள்.

சிறிதாகிவிட்டால் என்ன நடக்கும்? மோசமான முடிவு எல்லாருக்கும் தெரியும். பைலட் சூட் வெளியே போய்க் காற்றில் ஆடும், பின் கழலாது. 'பைலட் சூட் இன் டோ' என்பார்கள். முதுகுக்கு மேல் ஒரு துணி வாலைக் கட்டிக்கொண்டு விழுகிறோம், மெயின் அசையவில்லை. 2,500 அடியில் இது நடந்தால் தரைக்கு சுமார் 14 விநாடி இருக்கிறது. மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வ் இழுப்பதா, நேராக ரிசர்வையே இழுப்பதா என்று இரண்டு வழிகளும் ஏற்கப்பட்டவை. இரண்டில் எது என்பதை விமானம் ஏறும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஆனால் இதற்கு அளவு மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். முழுவதும் விரிந்த 24 அங்குலத்துக்குக்கூட, சரியாக மூடிய கன்டெய்னரின் பின்னை உருவ இழுவை தாராளமாக இருக்கிறது. பிரைடில் எங்காவது மாட்டியிருக்கும், அல்லது பைலட் சூட் விரிந்தே இருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிறிய அளவின் நிஜத் தொல்லை இதைவிடச் சத்தமில்லாதது. பின் கழன்றுவிடும், பை மெதுவாக எழும். எழுகிற வேகம் போதாததால் பர்பிளுக்குள் கூடுதல் நேரம் தங்கும். அங்கே ஆடும், உருளும், ஒருபக்க லைன்கள் மட்டும் முன்னதாக உருவும். மெயின் திறக்கும்போது லைன்கள் முறுக்கிக்கொண்டு இருக்கும். 190 சதுர அடி மெயினில் முறுக்கு விழுந்தால் காலை உதைத்து அவிழ்த்துக்கொள்ளலாம். 90 சதுர அடி மெயினில் அதே முறுக்கு விழுந்தால் சுழலத் தொடங்கிக் கழற்றி விடுவதில் போய் முடியும்.

பெரிதாகிவிட்டால்? பெரியது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இதை நான் கொஞ்சமும் ஏற்பதில்லை. மூன்று கிலோ எடையுள்ள பையை 39 கிலோ இழுவை பிடித்து இழுத்தால் புவியீர்ப்பைப் போல 13 மடங்கு முடுக்கத்தில் அது கிளம்பும். 65 கிலோ என்றால் கிட்டத்தட்ட 22 மடங்கு. பை அந்த வேகத்தில் பாயும்போது உள்ளே இருக்கும் துணியும் ரப்பர் பேண்டில் உள்ள லைன்களும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ரப்பர் பேண்டுகள் தளர்ந்திருந்தால் லைன்கள் ஒழுங்காக உருவாமல் கொத்தாகக் கொட்டிவிடும். பையின் வாயை மூடியிருக்கும் கடைசி மடிப்புகளும் சேர்ந்து கழன்றால், லைன்கள் நீளும் முன்பே மெயின் பையிலிருந்து உரிந்து காற்றில் விரியத் தொடங்கும். மெயின் மெல்ல விரிவதற்காக லைன்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்லைடர் என்ற துணித் துண்டு தன் இடத்தில் இருக்காது. பிறகு லைன்கள் இறுகும் அந்தக் கணத்தில் முழு விரிப்பின் அடி ஒரே நொடியில் உடம்பில் விழும். கழுத்து எலும்பும் முதுகெலும்பும் முறிந்த கடும் திறப்புகள் இந்த விளையாட்டில் நடந்திருக்கின்றன. அவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. ஒழுங்கு மாறித் திறப்பது அதில் ஒன்று. ரப்பர் பேண்டுகள் நான்கைந்து கிலோ இழுவைக்குத்தான் விட வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். நடைமுறையில், பைலட் சூட் பெரிதாகப் பெரிதாக ரப்பர் பேண்டின் இறுக்கத்தில் கவனம் கூட வேண்டும்.

பெரியதின் இன்னொரு செலவு திறந்த பிறகு தெரியும். பைலட் சூட் மெயினின் நடு முதுகில் கட்டப்பட்டிருக்கிறது. விரிந்தபடியே இருந்தால் மெயின் பறக்கும் போதெல்லாம் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 12 மீட்டரில் போகும் சாதாரண மெயினுக்கு அது இரண்டு கிலோ இழுவை, பெரிதாக உறுத்தாது. மாணவர்களின் ரிக்குகளில் சுருங்காத எளிய பைலட் சூட்டையே வைத்திருப்பதில் தவறில்லை. சிறிய வேக மெயின்களில் அந்த இழுவை வேகத்தையும் சறுக்கு தூரத்தையும் தின்னும், துணியின் வடிவத்தையும் நடுவில் குழிக்கும். தரையை உரசிக்கொண்டு பாயும் ஸ்வூப் போட்டியாளர்கள் மெயின் விரிந்ததும் ஸ்லைடர், பை, பைலட் சூட் மூன்றையும் காற்றிலேயே கழற்றிச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அந்த வேலையைச் செய்யத்தான் கில்-லைன் வந்தது.

கில்-லைன் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். பைலட் சூட் பற்றிய கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்கிறவர் இருந்தால் அவருக்கு இதைத்தான் காட்டுவேன். பிரைடில் உள்ளே குழல் மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய கயிறு. ஒரு முனை பைலட் சூட்டின் உச்சியில், மறுமுனை மெயினில். மெயின் விரியும்போது கயிறு உச்சியை உள்பக்கமாக இழுத்து, குடையை உட்புறம் கவிழ்த்த மாதிரி பைலட் சூட்டைச் சுருக்கிவிடும். மறுபடி பேக் செய்யும்போது பிரைடிலையும் பையையும் பிடித்து இழுத்துக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இதைக் 'காக் செய்வது' என்கிறார்கள். மறந்தால் சுருங்கிய துணியைத்தான் காற்றில் வீசுவீர்கள், அங்கே 28 ஆனாலும் 32 ஆனாலும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க பிரைடிலில் ஒரு சின்னச் சாளரம் வைத்து, கயிற்றில் வண்ணம் தீட்டியிருப்பார்கள். வண்ணம் தெரிந்தால் காக் ஆகியிருக்கிறது.

ஆனால் சாளரம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கயிறு பெரும்பாலும் ஸ்பெக்ட்ரா. அதற்கு நல்ல வலிமை உண்டு, சூடு மட்டும் ஆகாது. ஒவ்வொரு குதிப்பிலும் பிரைடிலுக்குள் வேகமாக உரசி ஓடும்போது சூடேறும், சூடேறினால் சுருங்கும். பிரைடில் நாடா அப்படிச் சுருங்குவதில்லை. சில நூறு குதிப்புகளில் கயிறு குட்டையாகி, முழுவதும் காக் செய்த பிறகும் உச்சியைப் பாதி உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். வண்ணம் சாளரத்தில் ஜோராகத் தெரியும். காற்றில் விரிந்தால் குவிந்த குடையாக இல்லாமல் நடுவில் குழிந்த வடை மாதிரி இருக்கும். துணியின் மேல் 28 என்றே எழுதியிருக்கும், இழுப்பது அதைவிடச் சின்ன ஒன்றின் இழுவை. "கொஞ்ச நாளாக மெயின் வெளியே வரத் தயங்குகிறது, பெரிய பைலட் சூட் வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது கில்-லைன் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான்.

சோதிப்பது எளிது. பேக்கிங் தரையில் பையின் முனையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். முழுவதும் காக் செய்யுங்கள். பைலட் சூட்டின் உச்சியில் உள்ள கைப்பிடியைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுங்கள். வலைத்துணியின் மேல் தைத்துள்ள நாடாக்கள் நான்கும் சமமாக இறுக வேண்டும். நடுவில் உள்ள கயிறு அப்போதும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். நாடாக்கள் தொங்க, கயிறு மட்டும் வீணைத் தந்தி போல விறைத்தால் கயிறு குட்டை. பாராசூட்டைப் பழுதுபார்த்து மடிக்கும் ரிக்கரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். புதுப் பைலட் சூட்டின் விலையில் அது சின்னப் பங்குதான்.

துணிக்கு வருவோம். இரண்டு வகை புழங்குகின்றன. எஃப்-111 என்ற நைலானில் காற்று மிகக் கொஞ்சமாகக் கசியும், ஜீரோ-பி என்ற சிலிக்கான் பூசிய நைலானில் கசியாது. எஃப்-111 கைக்கு மென்மையாக இருக்கும், பௌச்சுக்குள் சின்னதாக மடங்கும், காற்றில் அடக்கமாக நிற்கும். ஆனால் வயதாக ஆகக் கசிவு கூடும். வெயிலிலும் மணலிலும் சில நூறு குதிப்பு கண்ட எஃப்-111 பைலட் சூட்டைக் கண்ணெதிரே தூக்கிப் பார்த்தால் புதிது போலத்தான் தெரியும். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரும். ஜீரோ-பி வழுக்கும், பருமனாக மடங்கும், ஆனால் இழுவையை நெடுநாள் விடாது. ஒரே இழுவைக்கு ஜீரோ-பி இரண்டு மூன்று அங்குலம் சிறியதாக இருந்தால் போதும் என்பது வழக்கமான கணக்கு. துணி எது என்று சொல்லாமல் அங்குலம் மட்டும் சொல்லுகிற பேச்சுக்குப் பொருள் குறைவு என்பது இதனால்தான். அடிப்பாதியில் உள்ள வலைத்துணி கிழிந்திருந்தாலும், நாடாக்கள் ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாக இருந்தாலும் பைலட் சூட் வட்டமடித்துக்கொண்டே பையைத் தூக்கும். பையும் சேர்ந்து சுழலும்.

சரி, எந்த மெயினுக்கு எது? கன்டெய்னரும் மெயினும் செய்த நிறுவனம் தரும் அட்டவணைதான் முதல் சொல். பொதுவாக ஜீரோ-பி துணியில், நூறு சதுர அடிப் பக்கமுள்ள மெயினுக்கு 24, 120 முதல் 190 வரை 27, 28, அதற்கு மேல் 30 முதல் 33 வரை என்று ஓடும். 250 சதுர அடிக்கு மேலுள்ள மாணவர் மெயின்களில் 36 வரையும் பார்க்கலாம். பெரிய மெயினுக்குப் பெரியது எதற்கு என்றால் பையின் எடைக்கும் பருமனுக்கும்தான். கன்டெய்னருக்குள் இறுக்கமாக அடைத்த பை வெளியே வருவதற்கே கொஞ்சம் பலம் கேட்கும். 150-லிருந்து 107-க்கு மெயினை மாற்றுகிறவர், பழைய பைலட் சூட் அப்படியே இருக்கட்டும் என்று விடுவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. இலேசான பைக்கு அதே பழைய இழுவை என்றால் முடுக்கம் கூடும். சின்ன மெயின் நமக்கு வேகமாகத் திறக்கிறது என்று மெயினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

விங்சூட் அணிபவர்களின் கணக்கு தனி. காற்றில் அவர்கள் போகும் மொத்த வேகம் ஒன்றும் குறைவில்லை. ஆனால் கைக்கும் காலுக்கும் நடுவே சிறகு விரிந்திருப்பதால் முதுகுக்குப் பின்னால் உண்டாகும் சுழல் மிகப் பெரிது. சாதாரண ரிக்கில் பின்னிலிருந்து பைலட் சூட் வரை பிரைடில் சுமார் இரண்டு மீட்டர் இருந்தால் போதும். இவர்களுக்கு மூன்று மீட்டர் பக்கம் வைக்கிறார்கள். இங்கே சிலர் அளவை மட்டும் கூட்டிவிட்டுப் பிரைடிலை விட்டுவிடுகிறார்கள். சுழலுக்குள் சிக்கிய 32 அங்குலத்தைவிட, சுழலைத் தாண்டிப் போன 28 அதிகம் இழுக்கும்.

டேண்டமில் இரண்டு பேர் ஒரே சேணத்தில். எடை இரட்டிப்பு, ஆனால் காற்றை எதிர்க்கும் பரப்பு அந்த அளவுக்குக் கூடாது. விட்டால் மணிக்கு 270 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார்கள். அதனால் குதித்த உடனே ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள டிரோக் என்ற வேகத்தடைப் பாராசூட் ஒன்றை வீசி வேகத்தை 190-க்குக் கொண்டுவந்து, திறக்கும் நேரத்தில் அதையே பைலட் சூட்டாகப் பயன்படுத்துகிறார்கள். விண்கலத்திலும் இதே சங்கிலிதான், அங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். ககன்யானின் கூண்டில் மொத்தம் பத்து பாராசூட். மூடியைப் பிரிக்க இரண்டு, வேகத்தைக் குறைக்க இரண்டு டிரோக், பிறகு மூன்று பைலட் சூட்டுகள், அவை ஒவ்வொன்றும் இழுத்து வெளியே கொண்டுவரும் மூன்று மெயின்கள்.

ரிசர்வ் பக்கம் போனால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. அங்கே இன்றும் சுருள்வில் பைலட் சூட்தான். மயங்கிய நிலையிலும், கை உடைந்த நிலையிலும் வேலை செய்ய வேண்டுமே. அது கன்டெய்னரோடு சேர்த்துச் சோதித்துச் சான்று பெற்றது. அளவு, வில்லின் பலம், பிரைடிலின் அகலம் எதையும் நாமாக மாற்றக் கூடாது. அமெரிக்காவில் ரிசர்வைச் சான்று பெற்ற ரிக்கர் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிக்க வேண்டும் என்று விதி. மெயினின் பைலட் சூட்டுக்கு அப்படி யாரும் தேதி குறிப்பதில்லை. நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

இன்னும் பௌச் பாக்கி இருக்கிறது. அது கன்டெய்னரின் அடியில் இழுத்தால் நீளும் துணியால் தைத்த ஒரு குழல், அவ்வளவுதான். 24-க்குத் தைத்த பௌச்சில் 30 ஜீரோ-பியைத் திணித்தால் இழுக்கவே வராது. காற்றில் ஒருமுறை வரவில்லை என்றால் ஆள் பதறிவிடுவார், அதற்குள் 200 மீட்டர் போயிருக்கும். எதிர்ப்பக்கம், தொளதொளத்துப்போன பழைய பௌச்சில் சின்ன எஃப்-111 இருந்தால் தானாக நழுவி வெளியே வரும். ஃப்ரீஃப்ளையில் தலைகீழாக இருக்கும்போது வந்தாலே கெட்டது. திறந்த விமானக் கதவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்தால், அந்தத் துணி வெளியே போய், பின் கழன்று, மெயின் விரிந்து, ஆளை வால் சிறகின் மேல் அறைந்து இழுத்துப் போய்விடும். கூட இருப்பவர்களின் உயிருக்கும் அது கேள்வி. அளவு மாற்றுகிறவர் பௌச்சை மாற்றுவதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆக, மெயின் வெளியே வரத் தயங்குகிறது என்றால் கடையைத் தேடும் முன் கைவசம் உள்ளதைப் பார்க்கலாம். கில்-லைன் குட்டையா, வலைத்துணி கிழிந்திருக்கிறதா, எஃப்-111 என்றால் ஊதினால் காற்று வருகிறதா, குளோசிங் லூப் தேவைக்கு மேல் இறுக்கமா, பிரைடில் மடலுக்கு அடியில் ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொன்றாக. நண்பர் ஒருவரைப் பின்னால் பறந்து நம் திறப்பை வீடியோ எடுக்கச் சொன்னால் பாதி பதில் அதிலேயே கிடைக்கும். சோம்பேறித்தனமாக முதுகுக்குப் பின்னாலேயே பைலட் சூட்டை விட்டுவிடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அது தெரியாமலே இருக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் தயக்கம் போகவில்லை என்றால் ரிக்கரைக் கேட்டுக்கொண்டு இரண்டு அங்குலம் பெரிதாக ஒன்று வாங்கலாம். வாங்கியதும் ரிக்கை மாட்டிக்கொண்டு, கையுறையும் போட்டுக்கொண்டு, பௌச்சிலிருந்து அது தடங்கலில்லாமல் வருகிறதா என்று தரையிலேயே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் ஏற வேண்டும்.